ஒட்டுப்பட்டி

"அக்கா, இதுக்குள்ள இருந்த பட்டியள் எங்க?"

பல்கனியில் கிடந்த பையைக் குனிந்து பார்த்து வின்சன்ற் கேட்டான். அவனுடைய பனிச்சறுக்குப் பலகை நீளவாக்கில் இரண்டாய்ப் பிரியும். மலை ஏறும்போது காலுக்கு ஒரு பாதியாகக் கட்டி, வழுக்காமலிருக்க அடியில் மயிர்ப்பட்டி ஒட்ட வேண்டும். உச்சியில் பட்டியை உரித்து, பாதிகளைச் சேர்த்து, ஒரே பலகையில் சறுக்கி இறங்கலாம். டோர்செட் பார்க் அடுக்குமாடி வீட்டில், பன்னிரண்டாம் மாடியில் இருக்கும் யூஜினிக்கு இந்த வித்தையெல்லாம் யார் சொன்னது? பைக்குள் ஒரு பக்கம் மயிரும் மறுபக்கம் பசையுமாக இரண்டு நீளப் பட்டிகள் கிடந்தன. மிஞ்சின கார்ப்பெற் என்று நினைத்து, துண்டுதுண்டாய் வெட்டி, கை உரசாதபடி, போரை நிறுத்தச் சொல்லும் ஊர்வலத்தின் பதாகைத் தடிகளில் சுற்றிவிட்டாள்.

கதவோரம் சாய்ந்திருந்த தடிகளை அவன் கண்டுவிட்டான். "பின்னேரம் எனக்குக் கல்கரிக்கு பிளைற். உனக்கு விசரே?"

மன்னிப்பு அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. பிளைற் என்றதும் அதை விழுங்கிவிட்டாள். இன்றைக்கு மே பதினாறு. முள்ளிவாய்க்கால் பக்கம் நின்ற அம்மா கதைத்து இருபத்தாறு நாள். அம்மாவுக்கு மனப்பாடமாயிருந்தது ஒரேயொரு போன் நம்பர், அது மகனுடையது. அந்த எரிச்சல் யூஜினிக்கு இன்னும் ஆறவில்லை.

"சனம் றோட்டில கிடந்து கத்துது. நீ வழுக்கி விளையாடப் போறாய்."

"அங்க மலையில போன் வேலை செய்யாது. அதுக்குத்தான் போறன்."

"அம்மா கோல் எடுத்தா?"

"எடுக்கமாட்டா. உனக்கும் தெரியும்."

அறைந்திருப்பாள். கை ஒரு பதாகைத் தடியை இறுக்கிப் பிடித்திருந்தது. "போடா. பட்டியில்லாமத் தவண்டு ஏறு."

"ஏறுவன்." தன் போனை வாசல் சப்பாத்துத் தட்டில் வைத்தான். "அடிச்சா நீ எடு."

"நான் தொடமாட்டன். அவ தேடுறது உன்ர குரலை."

அவன் பலகைப் பாதிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். லிஃப்ற் வந்தது. அதன் கதவு மூடாமலிருக்க ஒரு பாதியைக் குறுக்கே வைத்துவிட்டு, வாசலில் விட்ட பையைத் தூக்கத் திரும்பினான். அப்போதுதான் போன் அடித்தது.

"இலங்கை நம்பர்," என்றாள் யூஜினி.

வின்சன்ற் குனிந்தபடியே நின்றான். அவள் விரல்களில் பசை இன்னும் பிசுபிசுத்தது, கை தட்டுப் பக்கம் போகவில்லை. போன் அடித்துக்கொண்டேயிருந்தது. லிஃப்ற் கதவு வந்து பலகையில் முட்டித் திறந்தது. திரும்பவும் மூட வந்து, முட்டியது.