வாய் திறக்காத நீதிபதி

முடிவெட்டுகிறவருக்குத் தெருவில் ரேடியோ என்று பேர். கத்தரி ஓய்ந்தாலும் அவர் வாய் ஓயாது. அப்படிப்பட்டவருக்கு வாய்த்தது, கடைசிக் காட்சிவரை வாயே திறக்காத ஒரு கொடுங்கோல் நீதிபதியின் வேஷம்.

கொடுத்தது அவருடைய அக்கா. பகலில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், சாயங்காலம் நாடகக் குழுவுக்கு இயக்குநர். நடிக்க இருந்தவர் மாற்றலாகிப் போய்விட, அந்த உயரமும் அடர்ந்த புருவமும் உள்ள ஆளாகத் தம்பியைத் தவிர வேறு யாரும் சிக்கவில்லை.

குற்றவாளியாக நடித்தவர் தபால்காரர். முறுக்கிவிட்ட மீசைக்காரர். ஒத்திகையில் வசனத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மனசில் தோன்றுவதைச் சொல்லிக் கெஞ்சும்படி அக்கா அவரிடம் சொன்னாள். என்ன நடந்தாலும் பார்வையாலேயே அவரை நடுங்க வைக்க வேண்டும் என்று தம்பிக்கு உத்தரவு.

தன் அம்மா முட்டிவலியில் படுத்திருப்பதாகத் தபால்காரர் அழுதார். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நீதிபதி, எந்த டாக்டரிடம் காட்டுகிறார்கள் என்று விசாரித்தார். அடுத்த முறை தபால்காரர் ஒரு கொலையையே ஒப்புக்கொண்டார். கோபத்தில் யாருக்கும் வருவதுதான் என்று நீதிபதி தேற்றினார். அக்கா தன் விசிலை அவர் வாயில் செருகிப் பார்த்தாள். ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் விசில் அடித்தது.

"நீ எப்பவாவது வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கியாடா?" என்றாள் அக்கா.

அவர் நிஜமாகவே யோசித்தார். "கழுத்துல கத்தி வச்சு ஷேவ் பண்றப்ப மூச்சுகூட விட மாட்டேன்க்கா."

உடனே அக்கா தபால்காரரை நாற்காலியில் உட்கார வைத்து, தம்பியை அவருக்குப் பின்னால் நிறுத்தினாள். இது கோர்ட் இல்லை, கடை, நடத்து என்றாள்.

அறை அடங்கிப்போனது. ரேடியோ மெதுவாக நாற்காலியைச் சுற்றி வந்தார். ஒரே விரலால் தபால்காரரின் முகவாயைத் தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கி, இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டார். தபால்காரருக்கு அம்மாவும் மறந்தது, கொலையும் மறந்தது. அக்காவுக்குப் புல்லரித்தது.

அந்த வேகத்தில் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்க் கத்தரியை எடுத்தது. அக்கா ஓடிவருவதற்குள் பாதி மீசை தரையில் கிடந்தது.

மீதியையும் எடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் தபால்காரரைத் தினமும் வாலாட்டி வரவேற்கும் நாய், யாரோ புது ஆள் என்று தெருமுனைவரை துரத்தியது. மூன்று நாள் அவர் ரேடியோவின் முகத்திலேயே விழிக்கவில்லை. அக்கா அவர் வீட்டுக்கே போய்க் கெஞ்சித்தான் கூட்டிவந்தாள்.

நாடகத்தன்று நீதிபதி ஆசனத்தை விட்டு இறங்கிக் குற்றவாளியைச் சுற்றி வந்தார், முகவாயைத் தூக்கினார். தபால்காரர் நடுங்கியதில் நடிப்பே இல்லை. முன்வரிசையில் ஒருவர் தன் மீசையைக் கையால் பொத்திக்கொண்டார். கடைசியில் "இழுத்துட்டுப் போங்க" என்று சொல்ல வேண்டும். தொழில் பழக்கத்தில் ரேடியோ சபையைப் பார்த்து அமைதியாக, "அடுத்தது யாரு?" என்றார்.

திரைக்குப் பின்னால் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அரங்கத்தில் யாரும் அசையவில்லை. திரை விழுந்து வெகுநேரம் கழித்துத்தான் கைதட்டல் வந்தது.

பாராட்ட வந்தவர்கள் அக்காவிடம் கைகொடுத்துவிட்டு, ஒப்பனை அறைப் பக்கம் எட்டிப் பார்க்கவும் பயந்து நழுவினார்கள். உள்ளே நீதிபதி, பேச ஆள் கிடைக்காமல் அங்கியோடு தவித்துக்கொண்டிருந்தார். அக்கா கதவைச் சாத்தி, எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, சொல்லு" என்றாள்.

வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கும்வரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.