ரத்தத்தில் ஒன்றுமில்லை

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற அவருக்கு 'நார்மல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ரிப்போர்ட் வாங்க வருகிறவர் கை நடுங்கினால் போதும், கவரைப் பிரிப்பதற்குள், "எல்லாம் நார்மல், போய் நிம்மதியா தூங்குங்க" என்று சொல்லிவிடுவார். ஊருக்கெல்லாம் நல்ல மனுஷன்.

அவர் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி. வந்தால் இரண்டு நாள் ஆளைப் புரட்டிப் போட்டுவிடும். ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணியைக் கண்மேல் போட்டு, வாந்தி எடுக்க வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிடப்பாள். "மண்டைக்குள்ள என்னமோ வீங்கி முட்டுதுங்க" என்பாள்.

வீக்கம், அழற்சி எல்லாம் அவருக்குத் தெரியாததா? அவள் ரத்தத்தை எடுத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்பார். உடம்பில் அழற்சி இருந்தால் சிவப்பு விறுவிறுவென்று கீழே இறங்கும். அவளுடையது பன்னிரண்டு கோட்டோடு நின்றுவிடும்.

"பன்னிரண்டும்மா. நார்மல். ரத்தத்துல ஒண்ணுமில்ல. நீயா நினைச்சுக்கிற."

ஒன்பது வருஷம் இதே கதை. கடைசியாக ஒருநாள் வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது, "என் தங்கச்சி வர்ற அன்னைக்கு மட்டும் இவளுக்குக் கரெக்டா தலை வலிக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வாயில் தண்ணீர் வைத்திருந்த தங்கைக்குப் புரையேறியது. அதற்குப் பிறகு மனைவி தலைவலி என்ற பேச்சையே எடுக்கவில்லை. வலி விட்டுப்போனது என்று இவர் நினைத்துக்கொண்டார். அதோடு நிற்கவில்லை, தன் வைத்தியம் பலித்ததென்று லேபில் பீற்றிக்கொள்ளவும் செய்தார். அடப்பாவி மனுஷா.

நான்கு வருஷம் கழித்து ஒருநாள் காலையில் அவள் பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. முகமும் ஊதியிருந்தது. டாக்டரம்மா சிறுநீரகத்துக்கான பரிசோதனை எழுதிக் கொடுத்தார். இவரே ரத்தம் எடுத்து இவரே மெஷினில் வைத்தார். ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டிய கிரியாட்டினின் ஆறரை காட்டியது. மெஷின் மேல் பழியைப் போட்டு மறுபடி ஓட்டினார். அதே ஆறரை.

"என்ன மாத்திரை எடுக்குறாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு மாத்திரையும் கிடையாது டாக்டர்."

பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் மெதுவாகக் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். வலிமாத்திரை அட்டைகள். பாதிக்கு மேல் காலி.

"தலைவலிக்குத்தான். தினம் மூணு. சில நாள் அஞ்சாறு. நாலு வருஷமா."

இரண்டு சிறுநீரகமும் அனேகமாகப் போய்விட்டன, இனி வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்றார் டாக்டரம்மா. தலைவலிக்கு அப்போதே வந்திருந்தால், வராமல் தடுக்க வேறு மருந்து கொடுத்திருக்கலாம், ஏன் வரவில்லை என்றும் கேட்டார்.

"ரத்தத்துல அழற்சி இல்லையே டாக்டர்..." என்று இழுத்தார் இவர்.

"அது மூளையைச் சுத்தியிருக்கிற உறையில, நரம்பு முனையில வர்றது. அந்த இடத்தோட நின்னுடும். உங்க குழாய்ல எப்படித் தெரியும்?"

இவருக்கு நெஞ்சு உடைந்துபோனது. தான் இல்லை என்று சாதித்த ஒன்றைத் தணிக்கத்தான் அவள் நாலு வருஷம் ஒளிந்து ஒளிந்து விழுங்கியிருக்கிறாள். ஒரே படுக்கை, ஒரே சமையலறை, ஒரு அட்டை கூட இவர் கண்ணில் படவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவள் அழவில்லை. டயாலிசிஸ் பற்றியும் எதுவும் கேட்கவில்லை. நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப அது நிஜமாவே இருக்குதா டாக்டர்?"

"இருக்கும்மா. உங்க வலி நிஜம்."

அவள் இவர் பக்கம் திரும்பினாள். அந்த ஊதிய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணமான புதிதில் பார்த்ததுதான்.

"கேட்டீங்களா? நான் நடிக்கலங்க."

ஊசி குத்திய இடத்தில் இவர் ஒட்டிய பஞ்சு இன்னும் அவள் கையில் இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டேம்மா" என்றார்.