இடது முன்சக்கரம்

ரிங் ரோட்டில் ஏறி ஃபியட் வேகம் பிடித்ததும் அந்த உறுமல் மறுபடி கேட்டது. வத்சலா கிளட்சை மிதித்து கியரை விடுவித்துப் பார்த்தாள். என்ஜின் இரைச்சல் தணிந்தது. உறுமல் தணியவில்லை.

"என்னடி பண்றே? வேன் போயிண்டே இருக்கு பாரு," என்றார் வைத்தி சித்தப்பா.

அவர் முன்சீட்டில், காலிடுக்கில் செங்கல் மேல் வைத்த நெருப்புச்சட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முன்னால் போகும் வேனில் அவருடைய அண்ணா, வத்சலாவின் அப்பா ராமசுப்ரமணியன், பாடையில் கிடந்தார். வேன்காரன் நெருப்பை மட்டும் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டான். அந்த வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் வத்சலா ஒருத்திதான். அதனால் அவள் வந்தாள்.

பின்சீட்டில் இருந்த அம்மா விசாலாக்ஷிக்கு அப்படி ஒரு சாக்கும் கிடையாது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் வாசலில் பாடையைத் தூக்கியபோது, மற்றப் பெண்கள் நின்ற இடத்திலேயே நிற்க, அவள் பாட்டுக்கு நடந்து வந்து கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். "பொம்மனாட்டிகள் மயானத்துக்கு வரப்படாது மன்னி," என்று வைத்தி குனிந்து சொன்னார். அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

வத்சலா ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் வளைத்தாள். வண்டியின் பாரம் இடப்பக்கம் சாய, உறுமல் தடித்தது. இடப்பக்கம் வளைத்தாள். மெலிந்தது.

"இடது முன்சக்கரம். பேரிங் போயிடுத்து."

"டயர் சத்தம். பேசாம ஓட்டு."

"டயர்னா ரோடு மாறினா மாறும் சித்தப்பா. இது திருப்பினா மாறறது."

ஐ.டி.ஓ. சந்திப்பு தாண்டி ஓரமாக நிறுத்தினாள். வேன் நிற்காமல் போய்விட்டது.

வைத்தி சட்டியோடு இறங்கினார். "நான் டாக்சி பிடிச்சுண்டு போறேன். நீங்க ரெண்டு பேரும் ஸ்கூட்டர் ரிக்‌ஷால ஆத்துக்குத் திரும்புங்கோ. எல்லாம் நல்லதுக்குத்தான்."

ஒரு டாக்சி வேகம் குறைத்தது. ஓட்டிவந்த சர்தார்ஜி புகையைப் பார்த்தார். "ஆக் லேகே? நஹீ பாய்சாப்." நெருப்போடு ஏற்ற மாட்டாராம். அடுத்தது நிற்கவே இல்லை.

அதற்குள் வத்சலா டிக்கியிலிருந்து ஜாக்கியையும் ஸ்பானரையும் எடுத்திருந்தாள். அப்பா இந்தக் காரை ஆசையாக வாங்கினாரே தவிர, ஓட்டுவதற்குப் பயந்தவர். மகளைக் கற்றுக்கொள்ள வைத்துவிட்டு, பக்கத்து சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு ஆபீஸ் போவார். ரிப்பேர் என்றால் அவள்தான் ஒர்க்‌ஷாப் போய் நிற்பாள். நின்று நின்று, சின்ன வேலைகளைத் தானே செய்ய ஆரம்பித்துவிட்டாள். "கையெல்லாம் கிரீஸ். இவளை யாருண்ணா கட்டிப்பா?" என்று வைத்தி ஒருமுறை சண்டைக்கே வந்தார். "கார் ஓட்டத் தெரியாதவன் கட்டிப்பான்," என்றார் அப்பா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சக்கரம் தரையை விட்டு எழும்பியது. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினாள். டொக்கென்று ஆடியது. சுழற்றிவிட்டாள். உள்ளே மணலை அரைப்பதுபோல் கரகரத்தது.

"நடுவிலே கையை வெச்சுப் பாருங்கோ."

வைத்தி சட்டியை நடைபாதையில் வைத்துவிட்டுக் குனிந்து தொட்டார். சுட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். டயர் என்று அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை.

விசாலாக்ஷி இறங்கி வந்து நின்றாள். "ஓடுமா?"

"புதுசுதான் போடணும்மா. இப்போ நட்டை இறுக்கி ஆட்டத்தைக் கொறைச்சுண்டு, மெதுவாப் போனா அங்கே வரைக்கும் தாங்கும்."

"அப்போ இறுக்கு."

"அங்கே எல்லாரும் காத்துண்டிருப்பா மன்னி," என்றார் வைத்தி.

"காக்கட்டும். நெருப்பு இங்கேதானே இருக்கு."

வத்சலா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மூடியை நெம்பி எடுத்து, பின்னை உருவி, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைச் சுழற்றிக் காது கொடுத்தாள். போகிற பஸ்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா செத்துப்போன அன்றைக்கு ரோட்டில் உட்கார்ந்து ஸ்பானர் பிடிக்கிறோம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றிவிட்டுப் போகட்டும் என்று பின்னை மறுபடி செருகி மடக்கினாள்.

பிறகு சைக்கிள்கள்கூட அவர்களை முந்திக்கொண்டு போயின. நிகம்போத் மயானம் வரும்வரை வத்சலா சக்கரத்துக்கே காது கொடுத்தபடி ஓட்டினாள். உறுமல் கூடவே வந்தது. கூடவில்லை.

படித்துறையில் கட்டை அடுக்கித் தயாராக இருந்தது. விசாலாக்ஷியைக் கண்டதும் ஆபீஸ்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். வாத்தியார் வைத்தியைப் பார்த்து, "ஸ்திரீகள்..." என்று இழுத்தார். வைத்தி சட்டிக்குள் குனிந்து சாம்பலை ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். வாத்தியார் மந்திரத்தைத் தொடங்கினார்.

வைத்திதான் கொள்ளி வைத்தார். விறகு சீக்கிரமே பற்றிக்கொண்டது.

"ஆச்சு. திரும்பிப் பாக்காம எல்லாரும் கிளம்புங்கோ," என்றார் வாத்தியார்.

எல்லாரும் நடந்தார்கள். பத்தடி போனதும் விசாலாக்ஷி நின்றாள். திரும்பினாள். தீ ஆளுயரத்துக்கு எழுந்திருந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். வத்சலாவும் திரும்பி அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா," என்று வாத்தியார் குரல் கொடுத்தார்.

வைத்தி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மற்றவர்கள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவர் மட்டும் போகவில்லை. தான் திரும்பிப் பார்க்காமல், கேட்டுப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, ஈரத்துண்டு முதுகில் ஒட்டியிருக்க, வழியில் நின்றுகொண்டிருந்தார்.