எடைமேடைப் படமும் நான் சொன்ன சொல்லும்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், எலக்ட்ரீஷியனான என் மைத்துனன், காலஞ்சென்ற என் தம்பியின் மகள், அவளுக்குப் பார்த்திருந்த பையன், பையனின் அப்பா. வேறு யாரும் இல்லை.

பையனின் அப்பா ஒரு திரைப்படச் சங்கம் நடத்துபவர். சம்பந்தம் பேசத் தன் வீட்டுக்கு அழைத்தவர், பேசும் முன் ஓர் ஈரானியப் படம் பார்க்கலாம் என்றார். வெளிச்சம் வராமல் கதவைச் சாத்தி, தடித்த திரைச்சீலையை இழுத்துவிட்டு, என்னைத் தன் பக்கத்தில் சோபாவின் நடுவில் உட்காரவைத்தார். உட்கார்ந்ததும் இடுப்பு வரை உள்ளே புதைந்துவிட்டேன். எழ வேண்டுமானால் யாராவது கைகொடுக்க வேண்டும். எனக்குக் கை கேட்டுப் பழக்கமில்லை.

வரும் வழியில் தம்பி மகள் பையனைப் பற்றிச் சொல்லியிருந்தாள்: "பெரியப்பா, அவர் நல்லவராத்தான் தெரியறார். ஆனா எனக்கு ஒரு மாசம் வேணும். இன்னைக்கு சரின்னு மட்டும் சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன். எங்கள் வீட்டில் சொன்ன சொல் மாறியதில்லை.

படத்தில் ஒரு வெட்டவெளி, ஓர் எடைமேடை, அதைக் காக்கும் கிழவர். காலி லாரி வரும். எடை போடுவார். போகும். திரும்ப வரும், காலியாகவே. ஆனால் ஒவ்வொரு தடவையும் எடை கூடியிருக்கும். ஏன் என்று கிழவரும் கேட்கவில்லை, லாரிக்காரரும் சொல்லவில்லை. காற்றுச் சத்தம் மட்டும்தான்.

"அத்தான், லாரி வருது," என்றான் மைத்துனன் காதோரம்.

"அது அப்பலேருந்து வந்துக்கிட்டுதான் இருக்கு. வாயை மூடு."

"டயர் மாத்தியிருப்பான். அதான் வெயிட் ஏறுது."

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கால் மரத்துவிட்டது. எழுந்துபோனால் அவருக்கு அவமதிப்பு, புரியவில்லை என்றால் எனக்கு. திரை திடீரென்று முழுக்க இருண்டது. பையனின் அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

"என்னங்க, முடிச்சிரலாமா?"

மனிதருக்கே அலுத்துவிட்டது என்று நினைத்தேன். "தாராளமா முடிச்சிருங்க. இதுக்கு மேல இழுக்க வேண்டாம்."

அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். திரையில் மறுபடி லாரி வந்தது. அவர் கேட்டது படத்தை அல்ல, சம்பந்தத்தை என்பது அப்போதுதான் உறைத்தது. முன்னால் நாற்காலியில் இருந்த தம்பி மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். திரும்பிக்கொண்டாள்.

இன்னும் நாற்பது நிமிடம் படம் ஓடியது. சொன்னதை மாற்றினால் இவரிடம் வாக்குத் தவறியவன், மாற்றாவிட்டால் அவளிடம். என் கை இன்னும் அவர் கைக்குள்தான் இருந்தது. வியர்த்துவிட்டது. உருவிக்கொள்ளவும் முடியவில்லை.

விளக்கைப் போட்டதும், "அப்ப சம்பந்தி, தேதி பாத்துருவோமா?" என்றார்.

"முதல்ல கொஞ்சம் தூக்கி விடுங்க," என்றேன். இழுத்து நிறுத்தினார். நின்றுகொண்டே சொன்னேன்: "நான் முடிக்கச் சொன்னது படத்தை. எனக்கு ஒண்ணுமே புரியல. கல்யாணத்துக்கு எங்க பொண்ணு ஒரு மாசம் டைம் கேட்டிருக்கா. பதிலையும் அவதான் சொல்லுவா."

அவர் முகம் சுருங்கியது. "நல்ல படமுங்க அது," என்றார், மெதுவாக.

"அப்பா, எனக்கும்தான் புரியல," என்றான் பையன். தம்பி மகள் அன்று முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

நான் தூங்கிவிட்டேன், தூக்கத்தில் வாக்குக் கொடுத்தேன், விழித்ததும் மாற்றிவிட்டேன் என்று உறவுக்குள் பேசிக்கொள்கிறார்கள். நான் தூங்கவில்லை.