நாசி லெமாக் வரிசை

பினாங்கு ஹோட்டல் அரங்கில் கையுறைக் கம்பெனியின் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். பங்குதாரர்களின் மூக்கெல்லாம் கதவுப் பக்கம் இருந்தது. வெளியே சம்பலும் முட்டையும் வைத்த தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், வந்து இறங்கியிருந்தது.

கொள்ளைநோய்க் காலத்தில் கொடிகட்டிப் பறந்த பங்கு அது. அரங்கில் உட்கார்ந்திருந்த யோக் மெய்யின் சேமநிதி மொத்தத்தையும் அதில் கொட்டியவன் அவள் கணவன் தெய்க் ஹெங். பங்கெல்லாம் அவன் பெயரில். அவள் பெயரில் பேருக்குக் கொஞ்சம். நோய் அடங்கியது, கையுறையைச் சீண்ட ஆளில்லை. விலை சரியச் சரிய, "இன்னும் வாங்குனா சராசரி வெல குறையும் லா" என்று மிச்சத்தையும் போட்டான். அதற்கு உத்தி என்று பெயர் வேறு வைத்துக்கொண்டான்.

இப்போது ஆர்டர்கள் திரும்புகிற நேரம் பார்த்து, தலைவரின் குடும்பம் எல்லாப் பங்கையும் அடிமாட்டு விலைக்கு வளைக்கப் பார்க்கிறது. சிறு பங்குதாரர்களின் பங்கில் பத்து சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பு விழுந்தால் தீர்மானம் தோற்கும். அதற்காகவே யோக் மெய் காப்பிக்கடை காப்பிக்கடையாக அலைந்து ஆள் பிடித்திருந்தாள்.

தலைவர் சிரித்தார். "சாப்பாடு ஆறிடும், பசிக்கிறவங்க போகலாம். நாங்க ஓட்டெடுப்ப ஆரம்பிக்கிறோம்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"ஆன்டி, ஓட்டுப் போட்டுட்டுப் போங்க!" என்று முன்வரிசைக் கிழவியின் கையை யோக் மெய் பிடித்தாள்.

"நீ போடு லா மெய். போன வருஷம் எனக்கு முட்டையே கெடைக்கல."

திரும்பினால் பக்கத்தில் ஹெங்கின் நாற்காலியும் காலி. போன் போட்டாள்.

"எங்கய்யா போன? ஓட்டு ஆரம்பிச்சாச்சு!"

"வரிசையில நிக்கிறேன். எடத்த விட்டா போச்சு. நம்ம ஓட்டு ஒண்ணுலயா கவுந்துடப் போவுது?"

எதிர்ப்பு ஒன்பதரை சதவீதம் என்று அறிவித்தார்கள். ஹெங்கின் பங்கு ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. தலைவர் எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

வெளியே ஹெங் வாயோரம் சம்பல் வழிய நின்றான். கையில் இரண்டு பை. வருகிறவர்களுக்கெல்லாம் கம்பெனி தரும் அன்பளிப்பு, ஆளுக்கொரு பெட்டி கையுறை.

"உனக்கும் சேத்து வாங்கிட்டேன். முட்டையோட! ஓட்டு என்னாச்சு?"

இந்த வாயோடு இத்தனை வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து தின்றிருக்கிறோமே என்று அவளுக்கு உடம்பு கூசியது. பையிலிருந்த பெட்டியை எடுத்துக் கிழித்தாள். ஒரு ஜோடி கையுறையை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டாள்.

"என்னா லா செய்யற?"

அவன் கையிலிருந்த நாசி லெமாக் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். பிறகு அவன் சட்டைப் பையிலிருந்த கார் சாவியை எடுத்துக்கொண்டாள். கார் கிளம்பும்வரை கையுறையைக் கழற்றவில்லை.