பச்சை நூல் தைத்த பட்டை

கம்பவுண்டரம்மாவின் அடுப்படி மேடையில் ஒரு சின்னத் தராசு உட்கார்ந்திருந்தது. முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் தூளும் பொடியும் நிறுத்துப் பொட்டலம் கட்டிய தராசு அது. ஓய்வு பெற்ற அன்று, "பழசுதானே, நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்துவிட்டார்கள். அதில்தான் அவள் புருஷனுக்கு ஒரு நாளைக்கு உண்டான உப்பை நிறுத்துப் போட்டாள். ஒரு கல் கூடாது, குறையாது. அளவு விஷயத்தில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது.

புருஷன் லிஃப்ட்காரர். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் முப்பது வருஷம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஊரையே ஏற்றி இறக்கியவர். அங்கே அவராக ஒரு படி ஏறியதில்லை. அப்படி உட்கார்ந்தே பழகிய உடம்பில் அறுபத்தொன்பதாம் வயதில் சிறுநீரகம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. நூற்றுக்கு நாற்பத்திரண்டுதான் வேலை செய்கிறது என்றது பரிசோதனை.

"பதினஞ்சுக்குக் கீழ போனா ரத்தம் சுத்தம் பண்ற மெஷின்தான்" என்றார் டாக்டர். "அங்க போகாம இழுத்துப் பிடிக்கலாம். மாத்திரை ஒரு பக்கம், நடை ஒரு பக்கம். நடந்தா பிரஷர் அடங்கும், சர்க்கரை அடங்கும், சிறுநீரகத்துக்குப் பாரம் குறையும். உக்காந்தே இருந்தீங்கன்னா மாத்திரை மட்டும் என்ன பண்ணும்?"

சொன்னதோடு விடாமல் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டையும் கட்டி அனுப்பினார்கள். எத்தனை அடி நடக்கிறார் என்று அது எண்ணிவைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை நர்ஸ் அதைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்ப்பாள்.

முதல் பத்து நாள் லிஃப்ட்காரர் பிடித்த அடத்தை எந்தக் குழந்தையும் பிடித்திருக்காது. வெயில் என்றார், முழங்கால் என்றார், செருப்பு கடிக்கிறது என்றார். கம்பவுண்டரம்மா புது ஷூ வாங்கித் தந்தாள். பட்டையின் வார் அறுந்தபோது பச்சை நூலால் நெருக்கமாகத் தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு என்ன மாயமோ, மனுஷன் மாறிப்போனார். தினம் ஒன்பது மணிக்கு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நடந்து முடித்து, வாசகசாலையில் பேப்பர் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்புவார். பட்டையைத் தட்டினால் ஒன்பதாயிரம், பத்தாயிரம். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள், பாவம்.

நர்ஸுக்கும் ஒரே ஆச்சரியம். "அய்யா கலக்குறாரே! ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு போல, முந்நூறு அடிதான் இருக்கு" என்று சிரித்தாள்.

"உடம்புக்கு ஒரு நாள் ஓய்வு வேணாமா?" என்றார் லிஃப்ட்காரர்.

ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் நாற்பத்திரண்டு முப்பத்து நாலாகியிருந்தது. டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாத்திரை சரியா சாப்பிடுறார். நடை பிரமாதம். அப்புறம் ஏன் இறங்குது?" கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "சமையல் யாரு, நீங்கதானே? உப்பு எப்படிப் போடுறீங்க?"

"நிறுத்துத்தான் போடுறேன் டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கம்மா." அவர் புருஷன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார். பிறகு பாதிச் சிரிப்போடு, "அவ கை கொஞ்சம் தாராளம்தான் டாக்டர்" என்றார்.

டாக்டர் ஃபைலில் ஏதோ எழுதினார். தலைகீழாக இருந்தாலும் கம்பவுண்டரம்மாவால் படிக்க முடிந்தது. முப்பத்தோரு வருஷம் டாக்டர் கையெழுத்தைப் படித்தவள் அல்லவா. 'மனைவி உப்பு அதிகம் சேர்க்கிறார்' என்று எழுதியிருந்தது.

வெளியே வந்து, "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"ஏதாவது ஒண்ணு சொல்லணுமில்ல. விடு."

அவள் விடவில்லை. அவர் விஷயத்தில் அல்ல, தன் விஷயத்தில். தராசில் கோளாறோ என்று படிக்கல்லை எடுத்துப்போய் நகைக்கடையில் சரிபார்த்தாள். தூக்கத்தில் எழுந்து போடுகிறேனோ என்றுகூட யோசித்தாள். மகள் போனில் பிடிபிடியென்று பிடித்தாள்: "அப்பா இந்த வயசுல நாயா நடக்குறாரு, நீ உப்பை அள்ளிக் கொட்டுறியாம்மா?" போனை வைத்தாள். அன்றிலிருந்து உப்பை அடியோடு நிறுத்தினாள். இருவரும் சப்பென்ற சோற்றைத் தின்றார்கள். லிஃப்ட்காரர் முகத்தைச் சுளித்தாரே தவிர, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் ஏன் சொல்லப்போகிறார்?

இரண்டு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். அடுத்த வாரம், காலை பதினோரு மணிக்கு, கீழே யாரோ மணி அடித்தார்கள். வீடு முதல் மாடியில். மாடி துடைத்துக்கொண்டிருந்த கம்பவுண்டரம்மா வாளியும் கையுமாகத் தடதடவென்று இறங்கினாள்.

தபால்காரர். வழக்கமாகக் கீழே பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இன்று பதிவுத் தபால், கையெழுத்து வேண்டும். உறையில் வீட்டு எண்ணையும் லிஃப்ட்காரர் பெயரையும் ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார்.

"அம்மா, நீங்க அய்யாவோட வீட்டம்மாவா?"

"ஆமா."

அந்த மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "படியிறங்கி வந்துட்டீங்களே! அதுவும் வாளியோட! எழுந்து நிக்கவே முடியாதுன்னாரு அய்யா. ரொம்ப சந்தோஷம்மா."

பேனாவை நீட்டினார். நீட்டிய மணிக்கட்டில் கறுப்புப் பட்டை. வாரில் பச்சை நூல். நெருக்கமான தையல், அவள் தையல்.

வாளியைக் கீழே வைத்தாள்.

"இது உங்க கையில எப்படி வந்தது?"

"என்னம்மா, உங்களுதுதானே! நீங்க நடக்கலைன்னா ஆஸ்பத்திரியில மருந்தை நிறுத்திருவாங்களாமே? 'என் சம்சாரத்துக்கு சிறுநீரகம் போச்சு, நீ நடக்குற நடையை அவ கணக்குல போட்டுக்கிறேன்'னு அய்யா கண்ணு கலங்கினாரு. காலையில வாசகசாலையில கட்டிவிடுவாரு, ரவுண்டு முடிச்சு அங்கேயே கழட்டிக் கொடுப்பேன். அதுவரைக்கும் பாவம் அங்கேயே உக்காந்திருப்பாரு. உங்களுக்காக மூணு தெருவுக்கு சைக்கிளை விட்டுட்டு நடந்தே போறேன்மா."

அவளுக்குக் கோபம் உடனே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"கழட்டிக் கொடுங்க" என்றாள். "இனிமே நடக்க வேண்டியவங்க நடக்கட்டும்." இந்த நல்ல மனிதர்மேல் என்ன தப்பு? அவர் சந்தோஷமாகக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

உறையைப் பிரித்தாள். அளவு முப்பதுக்கு வந்துவிட்டது. நடந்தும், உப்பைக் குறைத்தும் இறங்குவதால் காரணம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்து, முதுகு வழியாக ஊசி விட்டு, சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

லிஃப்ட்காரர் சாப்பாட்டு நேரத்துக்கு வெறும் கையோடு வந்தார். தட்டுக்குப் பக்கத்தில் பட்டையும் கடிதமும் இருந்தன. இரண்டையும் பார்த்ததும் தேள் கொட்டியவர் போல நின்றார்.

"அந்த ஆளு ரொம்பக் கெஞ்சினான், அதான்..."

"இன்னும் பொய்யா?"

உட்கார்ந்தார். "முடியலை. நாலு வீடு தாண்டினா மூச்சு வாங்குது. சொன்னா திட்டுவே."

"திட்டுவேன்தான். திட்டிட்டு மூணு வீடாவது உங்ககூட நடந்திருப்பேன். நீங்க நடக்காதது போகட்டும். என்னை எதுக்கு நோயாளி ஆக்கினீங்க? டாக்டர் முன்னாடி என் கையைக் காட்டிக் கொடுத்தீங்களே, அது எதுக்கு? நான் நகைக்கடையில போய்ப் படிக்கல்லை நிறுத்துப் பாத்தேன். அப்பவும் நீங்க பேப்பர்தான் படிச்சுக்கிட்டிருந்தீங்க."

"வெளியில தெரிஞ்சா என் மானம் போயிடும்" என்றார் மெதுவாக.

"என்னுது போனப்ப நீங்க பக்கத்து நாற்காலியிலதான் இருந்தீங்க."

அவர் அழுதார். அவளுக்கு அழுகை வரவில்லை. நாற்பத்திரண்டு வருஷம் கூட இருந்த மனிதரை அன்று யாரோ போலப் பார்த்தாள். மறுநாள் காலை, "டாக்டர்கிட்ட உங்க வாயாலயே சொல்லணும், வாங்க" என்றாள்.

சொன்னார். திக்கித் திணறி, தபால்காரர் வரைக்கும் சொன்னார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அப்ப இது நல்ல சேதிதான், காரணம் தெரிஞ்சுபோச்சு! ஊசி இப்போதைக்கு வேணாம். இனிமே நிஜமா நடங்க, கால் மணி நேரத்துல ஆரம்பிப்போம். பெரியவரே, உண்மையைச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி." தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லிஃப்ட்காரருக்கும் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் ஃபைலை மூடப் போனார். கம்பவுண்டரம்மா கையை மேலே வைத்துத் தடுத்தாள்.

"உப்பு பத்தி ஒரு வரி எழுதியிருக்கீங்க. அதை அடிங்க."

"அது சும்மா ஒரு குறிப்புதானேம்மா..."

"அடிச்சுட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடணும். மருந்துச் சீட்டுல தப்பு வந்தா நாங்க அப்படித்தான் செய்வோம்."

டாக்டர் அவளைப் பார்த்தார். பேனாவை எடுத்து அடித்தார், கையெழுத்துப் போட்டார். "மன்னிச்சுக்கங்க" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அதைப் புருஷன் சொல்லியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

டாக்டர் அறை மூன்றாவது மாடியில். வராந்தா முடிவில் படியும் லிஃப்டும் அடுத்தடுத்து இருந்தன. "இறங்குறதுதானே, மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் இறங்கினாள். பின்னால் நாலைந்து படி வரைக்கும் அவர் ஷூ சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் இளகிவிடுவோமோ என்று அவள் திரும்பவில்லை.

கீழே வந்து நின்றபோது எதிரே லிஃப்ட் திறந்தது. உள்ளே அவர். மணிக்கட்டில் பட்டை. விரல் பழைய பழக்கத்தில் பட்டன் பக்கம் இருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்றார்.

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவருக்காக வேகத்தைக் குறைக்காமல், தன் நடையில் வீட்டுக்கு நடந்தாள்.