பத்துக்கு மூணு

ஏரல் ஷரீபா பீவிக்கு உடம்பு நோகாத நாள் என்று ஒன்று இருந்து வெகுகாலம் ஆகிவிட்டது. கழுத்தில் பிடிக்கும், தோளுக்கு இறங்கும், விடிந்தால் முழங்காலில் நிற்கும். தூங்கி எழுந்தாலும் மூட்டை சுமந்தவள்போல அலுப்பு. ரத்தம் சோதித்தார்கள், எக்ஸ்ரே படம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். “எல்லாம் மனசுதான்” என்றார் ஒரு டாக்டர். அன்றோடு வீட்டில் நோவைப் பற்றிப் பேசுவதையே அவள் விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம், கல்யாணம் நிச்சயமாகியிருந்த மகள் தஸ்மியாதான் பிடிவாதமாக அவளை பஸ் ஏற்றிப் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள்.

“வலியே இல்லேன்னா பூஜ்யம், தாங்கவே முடியாதுன்னா பத்து. உங்களுக்கு எத்தனைம்மா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

கூட்டிச் சொல்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, “மூணு” என்றாள் ஷரீபா.

டாக்டரம்மா கட்டைவிரலால் கழுத்து, தோள், முழங்கை என்று ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்தார். லேசான அழுத்தம்தான். ஷரீபாவுக்குக் கண் நிறைந்து வழிந்தது.

“நம்பரை விடுங்க. வலியால விட்டுப்போன வேலை ஒண்ணு சொல்லுங்க.”

ஷரீபா மகளைக் காட்டிச் சொன்னாள்: “இவளுக்குத் தலை பின்ன முடியலம்மா. கையத் தூக்க ஏலல. அதான், ஏழாங்கிளாஸ் படிக்கையில முடிய வெட்டிவிட்டேன்.”

தஸ்மியா திகைத்துப்போனாள். “தலையில பேனுன்னுல்லா உம்மா சொன்னிய? ஒரு வருஷம் உங்ககூட முகங்குடுத்துப் பேசலையே நான்!”

“சொன்னா யாரு நம்புவா மக்ளே?”

“நான் நம்பியிருப்பேன் உம்மா.”

ஷரீபாவால் மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “எட்டு போட்டுக்கோங்க” என்றாள் டாக்டரிடம்.

“இது ஃபைப்ரோமயால்ஜியா. ரத்தத்துல, படத்துல தெரியாது. ஆனா வலி நிஜம். முழுசாப் போகாது, குறைக்கலாம்” என்றார் அவர்.

மாத்திரையில் தூக்கம் வந்தது. நோவும் கொஞ்சம் தணிந்தது. அதற்குள் கல்யாணம் முடிந்து தஸ்மியா மேலப்பாளையம் போய்விட்டாள். காலையில் உடம்பு லேசாக இருக்கும் நாட்களில்தான் ஷரீபாவுக்கு மனசு அதிகமாக அடித்துக்கொள்ளும். பிள்ளை தன்னிடம் பேசாமல் திரிந்த அந்த ஒரு வருஷம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்தே இருக்காது.